கல்யாணப் பட்டு: கடன்படாமல் வாங்க வழி!

தாம்பரத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்தப் பட்டுக்குத் தியாகராய நகர் ஓடுகிறார்கள். செங்கல்பட்டு வழியாகக் காஞ்சீபுரத்துக்கே ரெயில் போகிறது! நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகள் அங்கே உண்டு.

விலையை ஏற்றுவது ஜரிகைதான். பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியதே அசல் ஜரிகை. வெள்ளி விலை ஏறினால் புடவை விலையும் ஏறும். ஆகவே சிறு கரையாக எடுத்தால் நல்ல தொகை மிஞ்சும். தாலி கட்டும் நேரத்தில் கரையை அளப்பவர் யார்?

ஏமாறாமலும் இருக்க வேண்டுமே! முந்தானை ஓரத்தில் நீள நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. உருகி உருண்டையானால் செயற்கை நூல். ஒன்று மட்டும் பட்டாக இருந்தால், அது கலப்புப் புடவை.

ஜரிகையைக் கண்ணால் நம்ப முடியாது. செப்புக் கம்பியும் தங்கமாய் மின்னும். "அசல் ஜரிகை" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை!