வாடைக் காற்றும் வாலுள்ள பட்டமும்

மார்கழி மாதத்தின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழை மெல்லக் குறைகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெருமழையைக் கொண்டுவந்த வடகீழ்ப் பருவக்காற்றோ, நீரைக் கொட்டித் தீர்த்த பின்னரும் ஓய்ந்துவிடுவதில்லை. குளிர்ந்து, ஒரே சீராகத் தை மாதத்திலும் வீசிக்கொண்டேயிருக்கின்றது. இதனையே எம்மவர் வாடை என்கின்றனர். முதியோருக்கு இக்காற்று சளியையும் மூட்டு நோவையும் கொண்டுவருவது. சிறுவருக்குப் பட்டத்தைக் கொண்டுவருவது. ஒரே காற்று ஒரே வீட்டிலே போர்வையையும் நூற்பந்தையும் ஒருங்கே வெளியில் எடுக்கச் செய்கின்றது.

ஆடிப்பிறப்புக்குக் கூழ், ஆவணியிற் பனம்பழம், கார்த்திகையில் விளக்கீடு, சித்திரையில் ஊஞ்சலும் போர்த்தேங்காயும் என்று எமது ஆண்டு வட்டத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு களிப்பு உண்டு. அவற்றுட் பல ஓரிரு நாளிலே முடிந்துவிடுவன. பட்டம் அவ்வாறன்று. செய்வதற்குச் சில நாள், திருத்துவதற்குச் சில நாள், ஏற்றுவதற்குப் பல நாள் என்று வாரக்கணக்காக வீட்டாரைத் தன்வசம் வைத்திருப்பது அது.

சிறு பட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. தென்னோலை ஈர்க்கு, மெல்லிய கடதாசி, கோதுமை மாவிற் காய்ச்சிய பசை, நூல், வாலுக்குப் பழஞ்சேலைக் கிழியல். சற்றுப் பெரிய பட்டமாயின் மூங்கிலைப் பிளந்து, கத்தியாற் சீவி மெல்லிய சலாகையாக்க வேண்டும். சலாகையின் நடுவை ஒரு நூலிலே தொங்கவிட்டுப் பார்த்தால், எப்பக்கம் தாழ்கின்றதோ அப்பக்கத்தை இன்னுஞ் சிறிது சீவவேண்டுமென்பது தெரியும். இந்த ஒரு காரியத்தைப் பொறுமையோடு செய்யாதவன் பின்னர் வயல்வெளியில் நின்று பட்டத்தையும் காற்றையும் மாறிமாறி நொந்துகொள்வான்.

பட்டத்தின் உயிர்நிலை முச்சையிலே இருக்கின்றது. மேலே இரண்டிடத்திலும் கீழே ஓரிடத்திலுமாக நூல் கட்டி, மூன்றையும் ஒரு முடிச்சிற் சேர்ப்பதே முச்சை. மேல்நூல் நீண்டுவிட்டாற் பட்டம் காற்றுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். கையை வெட்டி இழுக்குமேயன்றி மேலே ஏறாது. மேல்நூல் மிகக் குறுகிவிட்டாலோ காற்றின்மேற் படுத்து, பிடிப்பின்றித் தலைகுப்புற விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஓர் அங்குலத்தை எந்தப் புத்தகமும் காட்டித்தர மாட்டாது. ஏற்றி இறக்கி, அவிழ்த்துக் கட்டி, கையே கண்டுகொள்ள வேண்டும். பட்டம் சுழன்றால் வாலை நீட்டுதலும், சோர்ந்து தாழ்ந்தால் வாலைக் குறைத்தலும் அடுத்த பாடம். தந்தையோ தமையனோ அருகிருந்து, "இன்னுங் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டு" என்று சொல்லும் சொல்லிலேதான் இந்த வித்தை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு இறங்குகின்றது.

இதனை வெறும் விளையாட்டென்று எண்ணும் மாணவர் ஒரு செய்தியை அறிதல் நன்று. எம்மவர் பெட்டிப் பட்டம் என்று கூறும் வகையை அவுஸ்திரேலியாவிலே லோறன்ஸ் ஹாகிறேவ் என்பார் 1893ஆம் ஆண்டில் அமைத்தார். ஆகாய விமானம் அமைத்த றைற் சகோதரர், சிறகை முறுக்கிப் பறப்பைத் திருப்பலாம் என்னும் தமது எண்ணத்தை 1899ஆம் ஆண்டில் முதன்முதற் சோதித்தது ஐந்தடி அகலமுள்ள ஒரு பட்டத்திலேயாகும். 1901ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த கம்பியில்லாத் தந்திக் குறியை மார்க்கோனி கேட்டதும், பட்டமொன்று உயரத் தூக்கிய கம்பியின் துணையினாலேயாம்.

எனினும் அந்தப் பட்டங்கள் எவற்றுக்கும் இல்லாத ஒரு சிறப்பு எமது பட்டத்துக்கு உண்டு. அதுவே விண். மூங்கில் அல்லது கமுகஞ் சலாகையை வில்லாக வளைத்து, தட்டையான நாரை அதிற் பூட்டிப் பட்டத்தின் தலையிற் கட்டிவிடுவர். காற்று நாரை அதிரச் செய்ய, பட்டம் ஓயாது கூவும். நாரை இறுக்கினால் ஓசை மெலிந்து உயரும். தளர்த்தினாற் கனத்து ஒலிக்கும். பெரிய பட்டங்களை மாலையில் ஏற்றிப் பனையிலோ தென்னையிலோ கட்டிவிட்டால், இரவு முழுவதும் அவை வானில் நின்றபடி இருக்கும். கூவும் ஓசையைக் கொண்டே இது இன்னார் வீட்டுப் பட்டமென்று பாயிற் படுத்தபடி சொல்லக்கூடியவர்கள் ஊர்தோறும் இருந்தனர். நித்திரை கெடுகின்றதென்று சினந்தவர்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்கவில்லை.

கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை எனப் பட்டங்களின் வகை பல. அவற்றை ஒருசேரக் காண விரும்புவோர் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குச் செல்லவேண்டும். காற்றை நன்கு அறிந்த ஊர் அது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அங்கே கட்டப்பட்டதே. பாய் கட்டிய ஊரில் இன்று பட்டப் போட்டி பெருவிழாவாக நடைபெறுகின்றது. விமானமும் கப்பலும் பறவையுமாக இளைஞர் கூடி அமைக்கும் பட்டங்கள் வானில் உருமாறி அசைவதைக் காண ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர்.

இவ்விழாவைப் பாராட்டும் நாம் ஒரு கவலையையும் சொல்லவேண்டியிருக்கின்றது. போட்டிப் பட்டம் பெருத்துக்கொண்டு போக, முற்றத்துப் பட்டம் அருகிக்கொண்டு வருகின்றது. கடையிலே பிளாத்திக்குப் பட்டத்தை வாங்கி வரும் பிள்ளை அரை மணி நேரம் அதனை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். கிழிந்ததும் எறிந்துவிட்டுக் கைத்தொலைபேசிக்குத் திரும்புகிறான். பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை. முச்சையைத் திருத்தத் தெரியாதவனுக்குப் பட்டத்தோடு வேறென்ன உறவு? ஈர்க்கிலே தொடங்காத கை ஒருநாள் மூங்கிலுக்கு வரப்போவதுமில்லை. மார்கழி விடுமுறையில் ஒரு பிற்பகலையேனும் தந்தையர் இதற்கு ஒதுக்கினால் வல்வெட்டித்துறை வானமும் வெறுமையாகாது. தந்தை வெளிநாட்டிலிருக்கும் வீடுகளிலே மாமனோ அப்புவோ அவ்விடத்தில் அமரலாம். பெண் பிள்ளைகளையும் அருகில் இருத்துங்கள். சலாகை சீவுவதற்கு ஆண் கைதான் வேண்டுமென்று நியதியில்லை.

பட்டம் ஏற்றுவோர் மின்கம்பிக்குத் தொலைவான வெளியையே தேடவேண்டும். நைலோன் நூலை மரத்தில் விட்டுவருதல் பறவைகளுக்குப் பொறியாகும். பெரும் பட்டத்தின் வலிமையையும் எளிதாக எண்ணலாகாது. 2021ஆம் ஆண்டு டிசெம்பரிற் பருத்தித்துறைப் பக்கத்திலே கூட்டமாகப் பட்டமேற்றிய இளைஞருள் ஒருவர், மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, தாம் மட்டும் பற்றியபடி வானிலே தூக்கப்பட்டார். அவர் உயிர் தப்பியது நற்பேறு.

மாசி பிறந்து சில நாளில் வாடை தளர்கின்றது. விண்ணை அவிழ்த்துச் சுருட்டி, கடதாசி கிழிந்த சட்டத்தை வீட்டு வளையிலே செருகிவிடுவர். அதற்குள் பாத்தியிற் கிழங்கு முற்றியிருக்கும். பட்டத்துக்குப் பசை காய்ந்த முற்றத்திலே ஒடியல் காயத் தொடங்கும்.