பனித்தரையில் ஒரு தலைவி

பனி என்றவுடன் மார்கழி மூடுபனியை நினைக்கும் நமக்குக் 'கர்லிங்' என்னும் விளையாட்டு புதிதே. ஸ்காட்லாந்தில் தோன்றிக் கனடாவில் ஆழ வேரூன்றியது அது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனிக்கட்டித் தளத்தில், ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள வழவழப்பான கருங்கல்லை நழுவவிட்டு, மறுகோடியில் வரைந்த வட்டத்தின் நடுவை நெருங்கச் செய்ய வேண்டும். கட்சிக்கு நால்வர், சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு கற்கள். எதிரியின் கல்லை இடித்து அப்புறப்படுத்தலாம். காரம் பலகையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. வியப்பு யாதெனில், கைவிட்ட கல்லுக்கும் உதவி செய்ய இயலும் என்பதே. தோழர் இருவர் கல்லின் முன்னே துடைப்பங்கொண்டு தரையைத் தேய்த்தவாறு விரைவர். பனியின் மேற்பரப்பு சற்றே சூடேறி உராய்வு குறைகிறது. கல் வளைவது தணிந்து, மேலும் சில அடிகள் செல்கிறது. கூட்டத்தின் இரைச்சலுக்கிடையே தேய்க்கச் சொல்லியும் நிறுத்தச் சொல்லியும் தலைவர் கூவுவது ஒரு தனிக் கலை.

அக்கலையில் தேர்ந்தவர் சாண்ட்ரா ஷ்மிர்லர். கோதுமை விளையும் சஸ்காட்சுவான் மாகாணத்தில், பிகர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர், 1963-இல் பிறந்தவர். ரெஜைனா நகரில் ஒரு பொழுதுபோக்கு நிலையத்தை நிர்வகிக்கும் உத்தியோகம் அவருக்கு. ஆட்டத்தை நம்பி வயிறு வளர்க்க இயலாத காலம் அது. ஜேன் பெட்கர், ஜோன் மக்கஸ்கர், மார்சியா குடரைட் ஆகிய மூவருடன் 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் கனடாப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் ஒருங்கே வென்றார்.

1997 நவம்பரில் பிராண்டன் நகரில், ஒலிம்பிக்கிற்குக் கனடா அணியைத் தெரிந்தெடுக்கும் போட்டி. சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர் முதற் குழந்தையை ஈன்றிருந்தார். இறுதி ஆட்டத்தின் ஏழாஞ் சுற்றில், ஓரமாகக் கிடந்த ஒரு கல்லில் தம் கல்லை மோதச் செய்து, அது உள்ளே திரும்பி நடுவிலிருந்த எதிரியின் கல்லை வெளியேற்றுமாறு எறிந்தார். மூன்று புள்ளிகள்! துணிவென்பதா, கணக்கென்பதா? இரண்டும் என்றே நாம் கொள்வோம். வேறு வழி அடைபட்டிருக்கையில் அதை எறிய எல்லாருக்கும் கை எழாது.

1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் மகளிர் கர்லிங்கிற்கு முதன்முதலாகப் பதக்கம் அளித்தனர். அரையிறுதியில் பிரிட்டனைக் கூடுதல் சுற்றிலேதான் வெல்ல முடிந்தது. இறுதியில் டென்மார்க்கை 7-5 என்று வென்று தங்கம் பெற்றனர்.

1999-இல் இரண்டாவது மகவு பிறந்தது. அவ்வாண்டிலேயே புற்றுநோய் கண்டது. 2000 பிப்ரவரியில், நலிந்த உடலுடன், இளையோர் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராக வந்தமர்ந்தார். மார்ச் 2-ஆம் தேதி, 36-ஆம் வயதில் காலமானார். இறுதிச் சடங்கைக் கனடா முழுவதும் நேரடியாக ஒளிபரப்பினர். சாஸ்கட்டூனில் அப்போது நடந்துகொண்டிருந்த ஆடவர் தேசியப் போட்டியில், வீரரும் பார்வையாளரும் அதைக் கண்டு முடியும்வரை ஆட்டத்தைத் தொடங்கவில்லை.