தலைவர்கள் சேர்ந்தனர், தாய்மாமன் வரவில்லை!

அனுமந்தைக்குச் சென்றிருந்தோம். மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். வடக்கே சிறிது தூரம் போனால் மரக்காணத்து உப்பளங்கள். வெயில் ஏற ஏறப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும். அந்த வெள்ளை வெளியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாரும் தோழர்கள் சிலர், வேலை முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருவர். அந்தக் கோடியில் ஒருவர். இருவரும் மாமன் மைத்துனர். ஒரே அளத்தில் வேலை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பக்கத்திலிருந்த பெரியவரை மெல்லக் கேட்டோம்.

"என்ன பெரியவரே, நிலத் தகராறா, பணத் தகராறா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. எலக்சன் தகராறு!"

சேதி இதுதான். ஒரு தேர்தலில் இருவருடைய தலைவர்களும் எதிரெதிர் அணி. சுவர் விளம்பரத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாகி, போலீஸ் நிலையம் வரை போனது. சில மாதம் கழித்துத் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய குழந்தை, தாத்தா மடியில் உட்கார்ந்தது. மாமன் வரவில்லை. சீரும் வரவில்லை. அடுத்த தேர்தல் வந்தது. இரு தலைவர்களும் ஒரே மேடையில் ஏறினார்கள்; ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டத்தில் இந்த மாமனும் நின்றார், அந்த மைத்துனரும் நின்றார். இருவரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டுத் தனித்தனி வழியே வீடு திரும்பினார்கள்.

தலைவர்களுக்கு ஒரு பொன்னாடையில் தீர்ந்த பகை, தொண்டனுக்கு ஏன் தீரவில்லை? கேட்க வேண்டிய கேள்வியல்லவா இது!

1952-இல் நடந்தது என்ன?

இந்தத் தென்னார்க்காட்டு மண்ணுக்கு இது புதிதல்ல. 70 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பாடம் நடந்திருக்கிறது.

உழுதவனும் உழைத்தவனும் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் பதவி என்று வந்தால் பந்தியின் கடைசி வரிசை. இந்தக் குமுறலிலிருந்துதான் வன்னிய மக்களின் அரசியல் எழுந்தது. 1949-இல் தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தல். தாழ்த்தப்பட்ட மக்களின் ஒத்துழைப்போடு நின்று, 52 இடங்களில் 22 இடங்களைப் பிடித்தார்கள். இனி நமக்கென ஒரு கட்சி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

கட்சி பிறந்தது. ஒன்றா? இல்லை, இரண்டு! தென்னார்க்காட்டில் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சி. ஒரே மக்கள், ஒரே குறை, ஒரே கோரிக்கை. ஆனால் தலைவர் இருவர். ஆகவே கட்சியும் இரண்டு.

1952 பொதுத்தேர்தலில் உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19 இடம். காமன்வீல் கட்சிக்கு 6 இடம். இந்தத் திண்டிவனம் வட்டாரம் என்ன செய்தது தெரியுமா? திண்டிவனம் பார்லிமெண்டுத் தொகுதி அன்று இரட்டை உறுப்பினர் தொகுதி; ஒன்று பொது, ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு உரியது. ஜெயராமன், முனிசாமி என்ற இருவரும் உழைப்பாளர் கட்சியின் பெயரிலேயே வென்றார்கள். ஊரும் சேரியும் ஒரே கட்சியின் கீழ் இரண்டு பேரை டில்லிக்கு அனுப்பின! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தத் தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு உறுதிமொழி தந்தவர்களை ஆதரித்தது. இவ்விரு கட்சிகளும் உறுதிமொழி தந்தன; ஆதரவும் பெற்றன. காங்கிரசை எதிர்த்தே ஓட்டுக் கேட்டன.

சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மைக்கு 36 குறைவு. அந்த நேரத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தங்கம்! இராஜாஜி மந்திரிசபை அமைத்தார். காமன்வீல் கட்சி ஆதரவுக் கை நீட்டியது. மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். 1954-இல் இராஜாஜி விலக, காமராசர் முதலமைச்சரானார். இராமசாமி படையாட்சியாரும் மந்திரிசபையில் அமர்ந்தார். எதிர்த்து நின்ற இரு கட்சிகளும், சில ஆண்டுகளுக்குள், எதிர்க்கப்பட்ட கட்சிக்குள் கரைந்தன.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். காமராசர் வந்ததும் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. கோட்டையில் நம் ஆள் இருந்தால்தான் நம் பிள்ளைக்கு வழி பிறக்கும் என்று எண்ணியவர்களைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்ததே குற்றம் என்று ஒரே வரியில் தள்ளிவிட நாம் தயாராக இல்லை.

நாம் கேட்பது வேறு. வெயிலில் கொடி தூக்கியவனை யாராவது கேட்டார்களா? பக்கத்து வீட்டுக் காங்கிரஸ்காரனோடு சண்டை போட்டு, உறவை அறுத்துக்கொண்டு ஓட்டுச் சேர்த்தானே, அவன் மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் எப்படி விழிப்பான்? கட்சியே கலைந்தபின் அவன் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பான்?

எல்லாரும் போய்விடவில்லை. உழைப்பாளர் கட்சியிலிருந்த அ. கோவிந்தசாமி காங்கிரசுக்குள் நுழைய மறுத்தார், பின்னர் தி.மு.க.வில் இணைந்தார், 1967-இல் அண்ணா மந்திரிசபையில் வேளாண்மை அமைச்சரானார். படையாட்சியாரோ 1980-இலும் 1984-இலும் இதே திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் வேட்பாளராகப் பார்லிமெண்டுக்குப் போனார். வழிகள் பிரிந்தன. ஆனால் இருவருக்கும் முதல் ஏணி ஒன்றுதான். அது தொண்டனின் தோள்.

கடல் கடந்தும் இதே கதை

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய தரைக் கடலோரத்தில் லெபனான் என்று ஒரு சின்னஞ்சிறு நாடு. அங்கும் அன்ஃபே என்ற ஊரில் உப்பளங்கள் உண்டு. கரையோரப் பாறையில் பாத்தி கட்டி, காற்றாலையால் கடல்நீரை ஏற்றி உப்பு எடுத்தவர்கள் அவர்கள். அந்த நாட்டு அரசியல் எப்படி?

1943-இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். குடியரசுத் தலைவர் மரோனியக் கிறிஸ்தவர். பிரதமர் சன்னி முஸ்லிம். சபாநாயகர் ஷியா முஸ்லிம். 1932-இல் எடுத்த குடிக்கணக்கே ஆதாரம். அதற்குப் பிறகு கணக்கே எடுக்கவில்லை! எண்ணினால் பங்கு மாறிவிடுமே என்ற பயம். மதத்துக்கு ஒரு கட்சி. கட்சிக்கு ஒரு குடும்பம். மகனுக்குப் பின் பேரன். 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். மாண்டவர்கள் சுமார் 1,50,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

மதத்துக்கு மதம் மோதினால்கூடப் புரிகிறது. ஒரே மதத்துக்குள் நடந்ததைக் கேளுங்கள். தளபதி மிஷேல் அவுன், படைத்தலைவர் சமீர் ஜாஜா, இருவரும் மரோனியர்கள். 1990-இல் இருவர் படைகளும் கிறிஸ்தவர் வாழும் பகுதிகளிலேயே ஒன்றையொன்று சுட்டுத் தள்ளின. எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையை இழந்தார்கள். 2016 ஜனவரி 18 அன்று என்ன நடந்தது? அதே ஜாஜா, அதே அவுனைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஆதரித்தார். இருவரும் சேர்ந்து கேக் வெட்டினார்கள்! அக்டோபர் 31-இல் அவுன் பதவி ஏற்றார். அந்த உறவும் நிலைக்கவில்லை, மீண்டும் பகை. அவுன் 2022 அக்டோபரில் பதவி முடிந்து போனபின், 2025 ஜனவரி 9 வரை அந்த நாட்டுக்குத் தலைவரே இல்லை.

இடையில் 2020 ஆகஸ்ட் 4. பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த அம்மோனியம் நைட்ரேட், 2,750 டன், வெடித்தது. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். யார் பொறுப்பு? எல்லாக் கட்சியும் மாறி மாறி ஆண்டது. ஆகவே எந்தக் கட்சியும் பொறுப்பில்லை! விசாரணை ஆண்டுக்கணக்கில் முட்டுக்கட்டையில் நின்றது. நம் ஆள், நம் ஆள் என்று கேள்வி கேட்காமல் ஓட்டுப் போட்ட மக்களுக்குக் கிடைத்த கூலி அது.

மீண்டும் நம் கரைக்கு வருவோம்

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் 21 உயிர்கள் போயின. அந்த இரத்தத்துக்குப் பயன் இருந்தது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டில் பாட்டாளி மக்கள் கட்சியும் பிறந்தது. 1998-இல் அது அ.தி.மு.க.வோடு, 1999-இல் தி.மு.க.வோடு, 2001-இல் அ.தி.மு.க.வோடு, 2004-இல் தி.மு.க.வோடு, 2009-இல் அ.தி.மு.க.வோடு, 2011-இல் தி.மு.க.வோடு. ஒரு கட்சியை மட்டும் ஏசிப் பயனில்லை. போனவர் ஒருவர் என்றால், கதவைத் திறந்து வைத்து வரவேற்றவர்கள் இருவர். 2024 டிசம்பர் 28 அன்று, இதே விழுப்புரம் மாவட்டத்துப் பட்டானூரில் நடந்த பொதுக்குழுவில், அந்தக் கட்சியின் தந்தையும் மகனும் மேடையிலேயே முரண்பட்டார்கள். நேற்றுவரை ஒரே கொடி பிடித்தவன், நான் எந்தப் பக்கம் என்று தன் வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

இந்தப் பங்காளிச் சண்டைகளையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரம் மாநாட்டுக்கு இந்தச் சாலை வழியே வண்டிகள் போன நாள். மரக்காணத்தில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, பேருந்துகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1952-இல் ஊரும் சேரியும் ஒரே கட்சியின் பெயரால் இரண்டு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய அதே மண்! அன்று ஓட்டால் சேர்ந்த கைகளின் பேரப்பிள்ளைகள், இன்று ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். இந்த 60 ஆண்டில் உப்பளத்துக்காரன் அடைந்த நட்டத்தில் இதைவிடப் பெரிய நட்டம் எது?

உப்புக்குச் சாதி தெரியுமா? மழைக்காலத்தில் பாத்தி மூழ்கி வேலை நின்றால், எந்தக் கட்சிக்காரன் வீட்டு அடுப்பு மட்டும் தனியாக எரிகிறது? வெள்ளைப் பாத்தியின் ஒளி பட்டுக் கண் மங்குவது எந்தக் கொடிக்காரனை விட்டுவைக்கிறது?

கட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை நாம். கட்சி உழைப்பவனின் ஆயுதம். அதைக் கீழே போட்டால் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம். கூட்டணியே கூடாது என்றும் சொல்லவில்லை. தனியாக முடியாததைச் சேர்ந்து முடிப்பது அறிவுடைமை. ஆனால் தோழர்களே, விசுவாசம் என்பது கொள்கைக்கு வைப்பது. ஆளுக்கு வைப்பது அடிமைத்தனம். தலைவர் அணி மாறும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காகப் பிரிந்தீர்கள்? எதற்காகச் சேர்ந்தீர்கள்? எங்கள் கூலிக்கும் எங்கள் மழைக்காலத்துக்கும் இந்தச் சேர்க்கையில் என்ன எழுதி வாங்கினீர்கள்? கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் தலைவர். கேட்டவனை வெளியே போகச் சொல்கிறவரை ஊர் அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். தலைவர் மேல் உள்ள அன்பால் உறவை வெட்டாதீர்கள். தலைவர்களின் வண்டி இரண்டு கொடி கட்டிக்கொண்டு அனுமந்தைச் சுங்கச்சாவடியைக் கடந்து போய்விடும். நாளைக் காலை அதே பாத்தியில் உப்பு வாரப் போகிறவர்கள் நீங்கள் இருவர்தான்.

புறப்படும்போது பெரியவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு இப்போ பள்ளிக்கூடம் போவுதுங்க. தம்பிக்குக் காது குத்தப் போறாங்களாம், வர்ற தையில."

பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த மாமனின் காதிலும் அது விழுந்தது. அவர் எழுந்து போகவில்லை. தேநீர்க் குவளையைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

போங்கள் தோழரே, தையில் போய் உட்காருங்கள். அந்த மடிக்கு எந்தத் தலைவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை!