ஒட்டியது பசை, உரிந்தது சாயம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தோ பாயோ வீட்டில் அம்மாவின் சாமி அலமாரியைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்று நினைத்தேன். மறைந்த அப்பா தம் கையால் இளம்பச்சைச் சாயம் பூசிய அலமாரி அது. பூ வேலைப்பாடுள்ள மெல்லிய மரப்பட்டைகளை வாங்கி, வெள்ளைப் பசை தடவி ஓரங்களில் ஒட்டினேன். மூன்றாம் நாள் இரவு ‘டொக்’ என்று ஒரு சத்தம். பட்டை ஒன்று குத்துவிளக்கின் மேல் விழுந்து கிடந்தது. நல்லவேளை, விளக்கு எரியவில்லை.

தச்சு வேலை பார்த்த பெரியப்பா வந்து, விழுந்த பட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்புறமெல்லாம் பச்சைச் சாயம்! “பசை மேல தப்பில்லம்மா. நீ மரத்துல ஒட்டல, சாயத்துல ஒட்டியிருக்க. சாயம் விட்டுடுச்சு.”

மரவேலைக்கான பசை, மரத்தின் நார்களுக்குள் ஊறிப் பிடிக்கும். சாயம் பூசிய பரப்பில் அது ஊற வழியில்லை. பசையின் ஈரமும் எளிதில் வெளியேறாது. எப்பாக்ஸி போன்ற வலுவான பசையும் அடியிலுள்ள சாயம் தாங்கும் அளவுக்குத்தான் தாங்கும்.

“அப்படின்னா அப்பா பூசினதைச் சுரண்டணுமா?” அம்மாவின் குரல் இறங்கியது. “பட்டைக்கு அடியில மட்டும்தான். வெளியே ஒண்ணும் தெரியாது,” என்றார் பெரியப்பா.

அவர் சொல்லித்தந்த முறை இதுதான்:

* பட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்தள்ளி, மரம் தெரியும்வரை 80 அல்லது 120 எண் சாண்ட்பேப்பரால் தேய்த்து, தூசியைத் துடையுங்கள்.

* பட்டைக்குச் சாயம் பூசுவதானால் முன்புறம் மட்டும் பூசுங்கள். பின்புறம் வெறும் மரமாகவே இருக்கட்டும்.

* பசையை மெல்லிசாகத் தடவி அழுத்துங்கள். பிதுங்கி வருவதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

* எளிதில் உரியும் பெயின்டர் டேப்பால் இறுக்கி, 24 மணி நேரம் தொடாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பசை மெதுவாகவே காயும்.

ஓர் எச்சரிக்கை: பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். பல்லாண்டு பழைய அலமாரி என்றால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பரப்பை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பசை தடவுங்கள். முகக்கவசம் அணியுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

எல்லாப் பட்டைகளையும் கழற்றி, பெரியப்பா சொன்னபடியே மறுபடி ஒட்டினேன். தீபாவளியன்று அம்மா விளக்கேற்றிவிட்டு, பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சுரண்டிய இடம் எதுவும் தென்படவில்லை. பட்டைகளுக்கு நடுவே அப்பாவின் பச்சை அப்படியே இருந்தது.