வாயில்களைப் பிடித்த பேரரசு

போர்த்துக்கேயர் என்றதும் நம் மாணவர் பலருக்கு நினைவில் எழுவன இரண்டு ஆண்டுகளே. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அத்துடன் திரை விழுந்துவிடுகிறது. ஆனால், ஈழத்தில் மறைந்த அப்பேரரசு பின்னும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகில் உயிர் தரித்திருந்தது. அதன் எழுச்சியையும் தேய்வையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, அது வாயிலிலே நின்று வரி வாங்கக் கற்றதேயன்றி, வீட்டை நடத்தக் கற்கவில்லை என்பதே எனக்குப் புலனாகிறது.

1500 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கலின் மக்கள் தொகை ஏறத்தாழ 10 முதல் 15 இலட்சமே. இச்சிறு நாடு 1415 இல் வட ஆபிரிக்காவின் சியூத்தா நகரைக் கைப்பற்றிக் கடல் கடந்த ஆட்சிக்கு வித்திட்டது. 1488 இல் பார்த்தலோமியு தியாஸ் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றினான். 1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை வந்தடைந்தான். அராபியரும் குசராத்தியரும் தமிழரும் மலாயரும் நெடுங்காலமாக வாணிகம் செய்துவந்த கடல் அது. புதியவர்களிடம் விற்பதற்கு அரும்பொருள் அதிகம் இருக்கவில்லை. கப்பலில் ஏற்றிய பீரங்கிகள் இருந்தன.

அல்புக்கேர்க் என்னும் தளபதி இக்கடலின் அமைப்பை நன்கு உணர்ந்தவன். நிலப்பரப்பை வெல்ல ஆட்கள் இல்லை. ஆனால் கடல்வழிகள் குறுகும் இடங்களைப் பிடித்தாற் போதும் என்று கண்டான். 1510 இல் கோவா, 1511 இல் மலாக்கா, 1515 இல் பாரசீக வளைகுடாவின் வாயிலாகிய ஓர்மூஸ் ஆகியன அவன் வசமாயின. பின்னர் ‘கார்த்தாஸ்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டின்றிச் சென்ற கப்பல்கள் பறிக்கப்பட்டன. சீட்டுப் பெற்றவனும் போர்த்துக்கேயரின் துறைமுகத்துக்கு வந்து சுங்கம் செலுத்த வேண்டும். பிறர் உழைப்பின் மீது வாயிற்காவலன் வாங்கிய கூலியே அப்பேரரசின் செல்வம்.

எனினும் ஒரு வாயில் அவர்களுக்கு அகப்படவில்லை. செங்கடலின் முகப்பிலுள்ள ஏடனை 1513 இல் தாக்கிய அல்புக்கேர்க் தோல்வியுற்றான். காலப்போக்கில் மிளகு மீண்டும் அவ்வழியே மத்தியதரைக் கடலுக்குப் பாய்ந்தது. கோட்டைகளிலிருந்த அதிகாரிகளோ அரசனின் வாணிகத்தை விடத் தம் சொந்த வாணிகத்திலேயே கண்ணாயிருந்தனர். 1578 இல் மொரோக்கோவில் மன்னன் செபஸ்தியான் வாரிசின்றி மாண்டான். 1580 இல் போர்த்துக்கலின் முடி ஸ்பானிய மன்னனைச் சேர்ந்தது. ஸ்பானியாவின் பகைவராகிய ஒல்லாந்தர் போர்த்துக்கலுக்கும் பகைவராயினர்.

வாயிலை விட்டு உள்ளே புக அவர்கள் முயன்ற இடங்களுள் நம் தீவும் ஒன்று. கோட்டை இராச்சியம் அவர்கள் கைக்கு வந்தது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆனால் கண்டி பணியவில்லை. 1630 இல் ஊவாவுக்குப் படை நடத்திச் சென்ற தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ரந்தெனிவெலவில் மாண்டான். 1638 இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். அகலக்கால் வைத்தவனின் தடுமாற்றம் அதன்பின் விரைவாயிற்று. 1641 இல் மலாக்கா, 1656 இல் கொழும்பு, 1658 இல் யாழ்ப்பாணம், 1663 இல் கொச்சி என வாயில்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

கிழக்கிலே இழந்ததைப் பிரேசில் ஈடுசெய்தது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்களின் உழைப்பால் அங்கே கரும்பு விளைந்தது. பின்னர் பொன்னும் கிடைத்தது. அப்பொன் லிஸ்பனில் தங்கியதா? 1703 இல் இங்கிலாந்துடன் செய்த மெதுவன் உடன்படிக்கையின்பின், ஆங்கிலத் துணிகளுக்கு விலையாக அதிற் பெரும்பகுதி இலண்டனுக்குச் சென்றது. வாயிற்காவலன் வாங்கிய காசு அயலவன் நெசவுச்சாலைக்கு உரமாயிற்று. 1822 இல் பிரேசிலும் பிரிந்தது.

எஞ்சியவை ஆபிரிக்க நாடுகளும் கோவா, மக்காவோ, திமோர் முதலிய சில இடங்களுமே. பிற பேரரசுகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், சர்வாதிகாரி சலசாரின் அரசு 1951 இல் குடியேற்ற நாடுகளைக் ‘கடல் கடந்த மாகாணங்கள்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறினால் விலங்கு ஆபரணமாகிவிடுமா? 1961 இல் இந்தியா கோவாவை மீட்டது. அதே ஆண்டில் அங்கோலாவிலும், 1963 இல் கினியிலும், 1964 இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர்கள் மூண்டன. போர்த்துக்கல்லின் இளைஞர் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். பலர் தப்பிப் பிரான்சுக்கு ஓடினர்.

இறுதியில், அப்போரிற் சலித்த படை அதிகாரிகளே 1974 ஏப்பிரில் 25 இல் லிஸ்பனில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தனர். மக்கள் துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் பூக்களைச் செருகினர். 1975 இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றன. அவற்றுட் பின்னர் மூண்ட உள்நாட்டுப் போர்கள் பேரரசு விட்டுச் சென்ற புண்ணின் ஆழத்தைக் காட்டின. 1999 இல் மக்காவோ சீனாவிடம் கையளிக்கப்பட்டது.

நம்மிடையே எஞ்சியிருப்பன சில கோட்டைகளும் சில சொற்களும். கதிரை, அலமாரி, சப்பாத்து, பாண் என்று நாம் நாளும் அவர்கள் மொழியைப் பேசுகிறோம். காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்ற சொல்லும் அவர்களுடையதே. பிறர் நிலத்தை அளந்து பதிந்து வைத்தவர்கள், தம் மக்களின் வறுமையை அளக்க மறந்தனர். அதனாலேதான் ஆபிரிக்காவில் அடிமைப்பட்டோர் எழுந்து நின்றபோது, ஆண்ட நாட்டின் மக்களும் அவர்களோடு சேர்ந்து விடுதலை பெற்றார்கள். பேரரசுகளின் சரித்திரத்தைப் பயிலும் நம் மாணவர் வென்ற ஆண்டுகளோடு இந்த ஆண்டையும் மனத்தில் பதித்துக்கொள்வாராக.