மூளையைப் படிக்கும் படிப்பு

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மழை விட்டும் தூவானம் விடாத மாலை வேளையில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையிலே சிறியதொரு புடவைக் கடை நடத்துபவர். தெஹிவளையில் இருபது ஆண்டுகளாக எங்களுக்கு அயலவர். மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவிலே நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஆயினும் அவளுடைய இஸட் புள்ளி மருத்துவ பீடத்தின் வாசற்படிக்கு அப்பாற் செல்லவில்லை. நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு, ஐம்பத்தைந்து மாவட்ட விகிதத்துக்கு, ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிடப்படும் பந்தியிலே, கொழும்பு மாவட்டத்துப் பிள்ளை இலை போட்டும் பசியோடு எழுந்திருப்பது புதிய செய்தியன்று.

ஸ்காபரோவில் வாழும் தாய்மாமன், “பிள்ளையை இங்கே அனுப்புங்கள், நியூரோசயன்ஸ் படிக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறார். தந்தையார் குடையை மடித்து வைத்ததும் முதற் கேள்வி அதுவாகவே இருந்தது.

“மாஸ்டர், ஒளிவு மறைவில்லாமல் சொல்லுங்கோ. உதைப் படிச்சால் பிள்ளை டொக்டராய் வருவாளோ?”

“வரமாட்டாள்” என்றேன்.

“அப்ப ஊர்க் காணியை வித்து உதை ஏன் படிப்பிக்க வேணும்?”

மகள் வாய் திறக்கவில்லை. தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி நியாயமானதே. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு, உடனே விடை சொல்ல வாயெழவில்லை. எனக்கு என் அன்னையாரின் நினைவு வந்ததுதான் காரணம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அடுக்களையில் நின்றபடியே அவருக்குப் பாரிசவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன, பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றாலும், போர்வை வேண்டுமென்றாலும், “அது, அது” என்ற ஒரு சொல்லே வெளிவந்தது. வேறு சொல் வராமையைக் கண்டு அவரே தலையிலடித்துக்கொள்வார். பன்னிரண்டாம் நாள் மாலை விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போல் நான் தேவாரம் ஒன்றைத் தொடங்கினேன். பின்னாலிருந்து அன்னையார் குரல் எழுந்தது. ஒரு சொல் பிசகாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, பதிகத்தை முழுவதும் பாடி முடித்தார். வீட்டிலுள்ளோர் அனைவரும் அழுதுவிட்டோம். பேச்சு மீண்டுவிட்டதென்றே நம்பினோம். பாட்டு முடிந்ததும் செம்பைச் சுட்டிக் காட்டி, “அது, அது” என்றார்.

பாடத் தெரிந்த நாவுக்கு ஏன் தண்ணீர் என்று சொல்லத் தெரியவில்லை? அன்றிலிருந்துதான் மூளையைப் பற்றிய நூல்களை நான் பாடநூலாக அன்றிக் கடிதங்களைப் போலப் படிக்கத் தொடங்கினேன்.

1861ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து வைத்தியரான போல் புரோக்கா, ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக “தான்” என்ற ஓர் ஒலியை மட்டுமே உச்சரித்து வந்த நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையை எடுத்துப் பார்த்தபோது, இடப் பாதியின் முன்பகுதியில் ஓரிடம் பழுதுற்றிருந்தது. பேச்சை ஆக்குவதற்கு மூளையில் ஒரு பகுதி சிறப்பாக உரியது என்ற கருத்து அங்கிருந்து வேரூன்றிற்று. பாட்டு நிலைப்பதற்குக் காரணம், இசையைப் பேணுவதில் வலப் பாதிக்குப் பெரும் பங்குண்டு என்பதும், மனனம் செய்தவை வசனம் கோக்கும் வேலையின்றித் தாமாக ஓடிவரும் என்பதுமாம். இவற்றில் எது எவ்வளவு என்பதில் அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் 1973இலேயே பொஸ்தன் நகரத்தார், சொற்களை மெட்டில் ஏற்றிப் பாடவைத்து, பின்பு மெட்டைச் சிறிது சிறிதாகக் கழித்துப் பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சியொன்றை வகுத்து வெளியிட்டனர்.

அப்பயிற்சியைத் தமிழில் அளிக்கக்கூடிய ஒருவரைத் தேடி நாம் அலைந்த மாதங்கள் பல. கிடைத்த இடத்திலும், அன்னையார் முன் வைக்கப்பட்டவை மேல்நாட்டுப் படத்தாள்கள். கணப்படுப்பின் படமொன்றைக் காட்டி இது யாதென வினவினர். பாரிசவாதம் காணாத நாளிலும் அவருக்கு அதன் பெயர் தெரிந்திராது! அதனினும் பெரியதொரு குறையுண்டு. ஆங்கிலம் பேசும் நோயாளரிடத்தில் முதலில் உதிர்வன சிறு சொற்கள். நம் மொழியிலோ அச்சிறு சொற்கள் செய்யும் வேலையை விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் செய்கின்றன. “வீட்டிலிருந்து” என்ற ஒரே சொல்லில் எது ஒடியும், எது நிற்கும்? தமிழரைக் கேட்டு, தமிழிலே சோதித்து அறியவேண்டிய வினா அது.

இவ்வளவையும் அயலவருக்குச் சொல்லிவிட்டு, அந்தப் படிப்பின் வரலாற்றையும் கூறினேன். நரம்பியல் விஞ்ஞானம் என்பது பழைய மரத்தின் புதிய கிளையன்று. பல மரங்களின் வேர்கள் பின்னிய இடம். ஸ்பெயின் தேசத்து சந்தியாகோ ரமோன் இ கஹால், ஓவியனாக விரும்பியவர். உடலமைப்பியல் கற்பித்த தகப்பனாரின் வற்புறுத்தலால் வைத்தியரானார். பின்பு உருப்பெருக்கியிற் கண்ட நரம்புக் கலங்களை அந்த ஓவியக் கையாலேயே வரைந்து, 1906இல் கொல்ஜியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கடல் நத்தையைக் கொண்டு நினைவாற்றலை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான எரிக் கண்டெல், ஹார்வர்டில் முதற் பட்டத்துக்குப் படித்தவை வரலாறும் இலக்கியமும். இவர்களுள் எவரும் நரம்பியல் விஞ்ஞானப் பட்டதாரியல்லர். அப்படியொரு பட்டமே அன்று இல்லை. அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கம் 1969இல்தான் தோன்றியது. முதற் பட்டத்துக்குரிய பாடமாக இதனை முதலில் வகுத்தவற்றுள் ஒன்று அம்ஹெர்ஸ்ட் கல்லூரி, ஆண்டு 1973. இன்று இலண்டன், மெல்பேர்ண், ரொறன்ரோ ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் இது தனிப் பாடம். அந்தத் தாய்மாமன் வாழும் ஸ்காபரோவிலுள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்திலும் உண்டு.

“அங்கே என்ன சேர் படிப்பிப்பார்கள்?” என்று மகள் அப்போதுதான் கேட்டாள்.

மூளைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் படிப்பென்று எண்ணிச் செல்பவர் முதலாண்டிலேயே ஏமாறுவர். இரசாயனவியல், கலவியல், உளவியல், புள்ளிவிபரவியல், பெரும்பாலும் நுண்கணிதமும் சிறிது கணினி நிரலாக்கமும் வரும். உயிரியற் பிரிவுப் பிள்ளைகள் கணிதத்திலிருந்து தப்பி ஓடி வந்தோம் என்று மகிழ்வதுண்டு. இங்கே அது வீதி முனையில் காத்து நிற்கும். கணவாயின் கதையே அதற்குச் சான்று. கணவாயின் உடற் சுவரை இயக்கும் நரம்பு நார் சில, நம்முடையவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பருத்தவை, வெறுங்கண்ணுக்கே தெரிவன. 1939இல் பிளிமத் நகரத்தில் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்த நாரினுள் மின்வாயைச் செலுத்தி, நரம்பிலே செய்தி ஓடும்போது எழும் மின்னழுத்தத்தை அளந்தனர். போர் மூண்டு வேலை நின்றது. 1952இல், சோடியமும் பொற்றாசியமும் நரம்புச் சுவரினூடே புகுந்து வெளியேறும் கணக்கைச் சமன்பாடுகளாக வெளியிட்டனர். நோபெல் பரிசு 1963இல் வந்தது. வெள்ளவத்தைச் சந்தையிலே நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும் கணவாய், நம் நரம்பின் இலக்கணத்தைச் சொல்லித் தந்திருக்கிறது! (நான் சைவ உணவினன், மூக்கைப் பிடிப்பவன் நானே. மற்றையோர் மன்னிக்க.)

இன்னொன்றும் சொன்னேன். சிறு வயதில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானையைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு பெரிய தலைக்குள் எவ்வளவு அறிவிருக்கும் என்று வியந்ததுண்டு. பிரேசில் நாட்டு அறிஞர் சுசானா ஹெர்குலானோ ஹூசெல் அதனை எண்ணியே பார்த்தார். மூளைத் துண்டைக் கரைத்துக் கூழாக்கி, நன்கு கலக்கி, ஒரு துளியில் உள்ள கலக் கருக்களை எண்ணிப் பெருக்குவது அவர் முறை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் பாட்டிமார் கணக்கேதான். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் என்பது 2009இல் வெளிவந்தது. ஆபிரிக்க யானையின் மூளை நாலரைக் கிலோவுக்கு மேற்பட்டது; கலங்கள் 25,700 கோடி என 2014இல் அறிந்தனர். அப்படியானால் யானையே மேலோ? அன்று. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, அசைவை ஒழுங்குசெய்யும் சிறுமூளையில் உள்ளவை. பெருமூளையின் மேற்பட்டையில் யானைக்கு 560 கோடி. மனிதனுக்கு 1,600 கோடி. எத்தனை என்பதைவிட எங்கே என்பதே இங்கு கேள்வி.

தந்தையாரின் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. “நம்மட ஆக்கள் ஆரும் இதிலை இருக்கினமோ?” என்றார். இராமச்சந்திரனைச் சொன்னேன். 1951இல் தமிழ்நாட்டிற் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் கற்று, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியரானார். கையிழந்தவர்க்கு, இல்லாத கை இருப்பதாகத் தோன்றுவதும், அந்த இல்லாத கையே நோவதும் உண்டு. அவர் எடுத்துக்கொண்ட கருவி யாது? ஒரு பெட்டியும் ஒரு முகக்கண்ணாடியும். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு வைத்து அசைக்கச் சொன்னார். இறுகியிருந்த மாயக் கை விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். 1990களின் நடுவில் அது வெளிவந்தது. எல்லோர்க்கும் அது பலிப்பதில்லை. பின்வந்த ஆய்வுகள் இருபக்கமும் பேசுகின்றன. ஆனால் கண்ணிவெடிகளாலும் எறிகணைகளாலும் கால் இழந்தோர் 2009க்குப் பின்னும் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்கின்றனர். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், இல்லாத காலின் பெருவிரல் இரவிலே மடங்கி வலிக்கிறதென்று சொல்லி, “சேர், எனக்குப் பைத்தியமோ?” என்று கேட்டதை நான் மறக்கவில்லை.

இனிக் காசின் கதை. அதைப் பூசி மெழுகுவது ஆசிரியனுக்கு அழகன்று. வெளிநாட்டு மாணவரிடம் அறவிடும் கட்டணம் அந்நாட்டவர் செலுத்துவதைப்போலப் பல மடங்கு. முதற் பட்டம் மட்டும் பெற்றவரை வைத்தியசாலை நோயாளியிடம் அனுப்பாது. ஆய்வுகூட உதவியாளர் வேலை முதலியவையே கிடைக்கும். மேலே செல்ல முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ வேண்டும். வட அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு இடங்கிடைத்தால் பெரும்பாலும் உதவித்தொகையும் சேர்ந்து வரும் என்பது ஓர் ஆறுதல். ஆகவே காணியை விற்பதாயின், நான்கு ஆண்டுக்கு அன்றிப் பத்தாண்டுக்குத் திட்டமிட்டு விற்க வேண்டும்.

மற்றொரு வழியையும் கூறினேன். கஹாலும் கண்டெலும் இராமச்சந்திரனும் வேறு வாயில்களால் நுழைந்தவர்களே. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. அங்கே பேச்சும் செவிப்புலனும் பற்றிய விஞ்ஞானப் பட்டம் வழங்குகிறார்கள். விஞ்ஞான பீடங்களில் விலங்கியலோ, உயிர்இரசாயனவியலோ படித்துவிட்டு மேற்படிப்புக்கு நரம்பியலை நாடுவதும் இயலும். செலவில்லாத வாயில் சிறிய வாயிலென்று எண்ணலாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்காபரோ மாமனுக்கு வேறுவிதமாகத் தோன்றலாம். அவர் கூறுவதிலும் நியாயமுண்டு. பதினெட்டு வயதிலேயே ஆய்வுகூடத்தில் நிற்கும் வாய்ப்பு, இருபத்திரண்டில் நிற்பதற்குச் சமமன்று.

அன்று முடிவேதும் எடுக்காமலே எழுந்து போனார்கள்.

இரண்டு கிழமைக்குப் பின் மகள் தனியே வந்து, தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். சந்தையில் கணவாய் வாங்கி, அடுக்களைப் பலகையில் வைத்து நெடுக அறுத்து, உட்புறத்தை மெல்லக் கழுவிப் பார்த்திருக்கிறாள். ஒரு வெண்ணிற முடிச்சிலிருந்து நட்சத்திரக் கதிர்போல் வெள்ளை நூல்கள் விரிந்து கிடந்தன. “இதுதானே சேர்?” என்றாள். அதுவேதான். தாயார் ஏசிவிட்டுப் பின்பு அதையே கறியாக்கிவிட்டாராம்.

ஸ்காபரோவுக்கு விண்ணப்பம் போய்விட்டது. காணிக்கு விலை பேசியவர் மீண்டும் வரவில்லை. நேற்று மாலை தந்தையார் படலையில் நின்றபடியே, காலையில் தெஹிவளையிலிருந்து ராகமைக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று என்னைக் கேட்டார்.