பள்ளிக் கணினியும் வீட்டுக் கணினியும்
திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ நிறுவனம், கேரள அரசுப் பள்ளிக் கணினிகளுக்கு லினக்ஸ் இயங்குதளத்தையும் லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களையும் வழங்குகிறது. லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்த கட்டுரை வழக்கமாக ‘ஓடிடி’ கோப்பாகச் சேமிக்கப்படும். இந்தக் கோப்பு வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ ஏற்ற திறந்த தரம். வீட்டுக் கணினியில் இருக்கக்கூடிய மைக்ரோசாஃப்ட் வேர்டோ, 2007 பதிப்பு முதல் ‘டாக்எக்ஸ்’ வடிவைப் பயன்படுத்துகிறது.

இன்று இரு மென்பொருள்களும் இரண்டு வடிவங்களையும் திறக்கும். ஆனால் வரி இடைவெளி, அட்டவணை, பட இருப்பிடம் ஆகியவற்றை அவை ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. பள்ளியில் பயன்படுத்திய எழுத்துரு வீட்டுக் கணினியில் இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தைப் பிடிக்கும். வரிகள் நகர்ந்து பக்க எண்ணிக்கையே மாறிவிடும்.

எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்துச் சேமித்தால் இச்சிக்கல் குறையும். திருத்தம் தேவைப்படாத இறுதிப் பிரதிக்குப் பிடிஎஃப் ஏற்றது. அது பக்க அமைப்பை அப்படியே காக்கும்.